கையெழுத்துக்குக் கீழே சின்னச் சிலுவை

காலை ஐந்து மணி பத்து நிமிடம். தை மாதம். ரூ பஜோல்...

அந்த வீதி உங்களுக்குத் தெரியும். லா ஷப்பல் மரக்கறிக் கடைகளைத் தாண்டி மேலே நடந்தால் வரும். ஒரு பக்கம் வீடுகள். மறுபக்கம் சுவர், சுவருக்கு அங்கால் தண்டவாளம். பகலில் பிள்ளைகளும் சைக்கிளுமாக இருக்கும். அந்த நேரத்தில் ஒரு நாயும் இல்லை. ஒருவன் தனியாக நடந்து போகிறான். பின்னால் ஒரு சத்தம் வருகிறது. டக்... சர்ர்ர். டக்... சர்ர்ர். ஒரு கால் ஊன்றுகிறது. மற்றக் கால் இழுபடுகிறது.

பொறுங்கள், அதற்குள் என்ன அவசரம். முதலில் எல்லோரும் கிட்ட வந்து இருங்கள், இந்தச் சேலைக் கடைக் கதவடிக்குள் காற்றுக் குறைவு. நாங்கள் வீட்டுக்குப் போக, கார்ஜுக்கு ரெயில் இல்லையாம். மாற்று பஸ் ஒன்றே காலுக்காம், ஸ்டேஷன் போர்டில் போட்டிருக்கிறான். ஒன்றே காலுக்கு அது வந்தால் நான் பெயரை மாற்றிக்கொள்கிறேன். இருபத்திரண்டு வருடமாக இந்த D ரெயிலுக்குக் காத்து நின்றே என் இடுப்பு நாரி போய்விட்டது.

கோசலை அக்கா, பிளாஸ்கில் மிச்சம் இருந்தால் ஒரு மிடறு தாருங்கள். நீங்கள் சாப்பாட்டுக் கடைக் குசினியில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வருகிறீர்கள். நான் அரிசி மூட்டை இறக்கினேன். பிரின்ஸ்டன் பார்சலோடு நாள் முழுக்க மாடி ஏறி இறங்கினான். மூன்று பேருக்கும் கண் செருகுகிறது. பேய்க் கதை சொல்லச் சொன்னவனும் இவன்தான், பாரிசில் ஏது பேய், வாடகை கட்ட ஏலாமல் அதுவும் ஓடியிருக்கும் என்று சிரிக்கிறவனும் இவன்தான். சிரி ராசா, சிரி. கதை முடிந்த பிறகு சிரித்தால் நான் ஒத்துக்கொள்கிறேன்.

இது என் சிநேகிதன் தவரத்தினத்தின் மச்சானுக்கு நடந்தது. தவரத்தினம் ஸ்தேனில் இருக்கிறான். பொய் சொல்லத் தெரியாத மனிசன், அதனால்தான் இன்னும் அதே பழைய வீட்டில் இருக்கிறான். அவனுடைய தங்கை றொஷானியைக் கட்டியவன் இந்தச் சாந்தன். ஊர் மன்னார், பேசாலை.

சாந்தன் இங்கே வரும்போது றொஷானிக்கு மூன்று மாதம். பிள்ளை பிறந்ததைப் போனில்தான் பார்த்தான். ஜெனிற்றா. இப்போது ஒன்பது வயது. அகதி வழக்கு இரண்டு தரம் போட்டான், இரண்டு தரமும் இல்லை என்றுவிட்டார்கள். வதிவிடக் கார்ட் இல்லாதவன் ஊருக்குப் போகலாம், யார் தடுத்தது? திரும்பி வர முடியாது, அவ்வளவுதான். திரும்பி வராவிட்டால் அங்கே அடுப்பு எரியாது. அதனால் ஒன்பது வருடம் போனுக்குள்ளேயே பிள்ளையை வளர்த்தான்.

அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு குறை. பள்ளிக்கூடத்தில் தவணைக்குத் தவணை தேர்ச்சி அறிக்கை கொடுப்பார்கள்தானே. அதில் தாய்க்கு ஒரு பெட்டி, தகப்பனுக்கு ஒரு பெட்டி, கையெழுத்து வைக்க. தகப்பன் பெட்டி ஒவ்வொரு தரமும் வெறுமை. மற்றப் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று அவள் போனில் முறைப்பாடு வைப்பாள். வருகிற தவணைக்கு அப்பா வந்து வைப்பேன் என்று இவன் சொல்லுவான். எத்தனை தவணை சொல்லியிருப்பான் என்று அவனுக்கே கணக்குத் தெரியாது.

சரி, யூலியனுக்கு வருகிறேன்.

யூலியன் குருநகர் ஆள், செவ்ரானில் வீடு. பத்து வருடக் கார்ட் வைத்திருந்தவர். ரூ பஜோல் முடிகிற இடத்துக்குக் கிட்ட ஐந்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று, அதில் விடிய வெள்ளன கிளீனிங் வேலை அவருக்கு. அந்த வேலைக்கு அவர் ஒருவர்தான். இடது கால் நரம்பு விட்டுப்போக, மாடி ஏற முடியாமல் போய்விட்டது. வேலையை விடவும் மனமில்லை, இன்னும் கொஞ்ச வருடம் கட்டினால்தான் பென்ஷன் ஒழுங்காக வரும். அப்போதுதான் சாந்தன் கண்ணில் பட்டான். யூலியன் தன் வேலையை அவனுக்குக் கொடுத்தார். வேலையோடு பெயரையும் கொடுத்தார்.

முழிக்காதே பிரின்ஸ்டன், நீ இங்கே பிறந்த பிள்ளை. கோசலை அக்காவுக்குத் தெரியும். வேலை செய்கிறவன் சாந்தன், கடதாசியில் இருப்பவர் யூலியன். சம்பளத் துண்டு யூலியன் பெயரில் வரும். ரெயில் பாஸும் யூலியன் பெயரில்தான், பாதி முதலாளி கட்டுவதால். முதலாளியும் தமிழ் ஆள்தான், கண்ணை மூடிக்கொண்டார். இதில் நான் யாரையும் பிழை சொல்ல மாட்டேன். கார்ட் இல்லாதவனுக்கு வேறு என்ன வழி இருந்தது?

நாலு கிழமை யூலியன் கூடவே போய் வேலை பழக்கினார். தரை கழுவுகிற ஜவெல் எந்தத் தளத்துக்கு எவ்வளவு, குப்பைப் பையை எப்படி இரண்டு காதாக முடிவது, எல்லாம். கடைசி நாள் கட்டடத் திறப்பையும், சாவிக் கோர்வையோடு, கொடுத்தார். கம்பனிக் கோட்டு இரண்டு வைத்திருந்தார், நீலம், முதுகில் மஞ்சள் பட்டி. ஒன்றைக் கழற்றி இவனுக்குப் போட்டுவிட்டார்.

கையெழுத்தையும் பழக்கினார். கீழ்த் தளத்தில் படிக்கட்டுக்குக் கீழே ஒரு சாமான் அறை, அங்கேதான் வாளி, மொப் எல்லாம். கதவின் உள்பக்கம் ஒரு தாள் தொங்கும். நாளுக்கு ஒரு பெட்டி, வந்தவுடன் கையெழுத்து வைக்க வேண்டும். சாந்தன் கடை விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு மாதம் எழுதிப் பழகினான். யூலியன் தன் கையெழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு சிலுவை போடுவார், சிறு வயதுப் பழக்கம். சாந்தன் அதை மட்டும் போடவில்லை. அவனும் வேதக்காரன். பொய்க் கையெழுத்துக்குக் கீழே சிலுவை போட அவனுக்குக் கை வரவில்லை.

அப்படியே ஒன்பது வருடம்.

இந்தக் கட்டத்தில்தான் அவனுக்கு ஒரு வழி திறந்தது. யூலியன் பெயரில் வேலை செய்தவன் உண்மையில் சாந்தன்தான் என்று முதலாளி ஒரு கடிதம் கொடுத்தால், அந்தச் சம்பளத் துண்டுகளை, கார்ட் கொடுக்கிற அரசாங்க அலுவலகமான பிரிபெக்சூரில் இவன் கணக்கில் எடுப்பார்கள். கார்ட் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. முதலாளி ஓம் என்றார். யூலியனும் ஓம் என்றார். பிரிபெக்சூரில் மார்ச் பத்தாம் தேதிக்கு நாள் கொடுத்தார்கள். சாந்தன் அன்று இரவே பிள்ளைக்குச் சொல்லிவிட்டான், இந்த முறை மெய்யாகவே வருவேன் என்று.

மார்கழியில், நத்தார் பெருநாளுக்கு யூலியன் ஊருக்குப் போனார். போகும்போது, பேசாலைக்கும் போய் உன்ரை பிள்ளையைப் பாத்திட்டு வந்து சொல்லுறன் என்று சாந்தனுக்கு வாக்குக் கொடுத்தார். போய் மூன்றாம் நாள், குருநகரில், படுக்கையிலேயே... நெஞ்சுவலி. பேசாலைக்குப் போகவில்லை. அங்கேயே அடக்கம் செய்தார்கள். மனைவி சிசிலியா தனியாகத் திரும்பி வந்தா.

இங்கே ஒருவர் செத்தால் நாங்கள் என்ன செய்வோம்? லா ஷப்பல் கடைக் கதவெல்லாம் படம் போட்ட நோட்டீஸ் ஒட்டுவோம். முப்பத்தோராம் நாள் பூசை கொடுப்போம். பாதிரியார் சுவாமி பீடத்தில் நின்று பெயரை வாசிப்பார். அப்போதுதான் செத்த ஆளுக்குப் போக அனுமதி கிடைத்த மாதிரி.

சாந்தன் செவ்ரானுக்குப் போய்ச் சிசிலியாவின் காலடியில் இருந்து அழுதான். நோட்டீஸ் வேண்டாம் அக்கா, பெயர் சொல்லிப் பூசை வேண்டாம், மார்ச் பத்தாம் தேதி வரைக்கும் பொறுங்கோ என்று. முதலாளி தினமும் லா ஷப்பலால் போகிறவர். யாரோ சொல்லிக் காதில் விழுந்ததை இல்லை என்று சொல்லலாம், படத்தோடு கதவில் ஒட்டினதை எப்படி இல்லை என்பது? செத்தவன் பெயரில் ஆள் வைத்திருக்கிறேன் என்று ஒரு முதலாளியும் கடிதம் தர மாட்டான். வேலையும் அன்றோடு போய்விடும்.

சிசிலியா ஓம் என்றா. சுவரில் மாட்டியிருந்த மனிசனின் படத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தா. முப்பத்தோராம் நாள் கோயிலுக்குப் போனா. செத்தவர்களின் பெயர்களைச் சுவாமி வாசித்தார். யூலியன் பெயர் இல்லை. கடைசி வாங்கு வரிசையில் இருந்தபடி கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தா. 

நான் சொன்ன சத்தம் அதற்கு முதலே தொடங்கிவிட்டது.

தை மாதம் இரண்டாம் கிழமை, ஒரு திங்கள். சாந்தன் சாமான் அறையைத் திறந்தான். தாளில் அன்றைய பெட்டியில் கையெழுத்து இருந்தது. வெள்ளிக்கிழமை நித்திரை மயக்கத்தில் இரண்டு பெட்டியில் வைத்துவிட்டேன் போல என்று நினைத்தான். நாலு மணிக்கு எழும்புகிறவனுக்கு எது கனவு எது வேலை என்று தெரியாது. அடுத்த நாளும் இருந்தது. குனிந்து பார்த்தான். கையெழுத்துக்குக் கீழே... சின்னச் சிலுவை.

விடிய அந்த நேரத்தில் கட்டடத் திறப்போடு வருகிறவன் அவன் மட்டும்தான்.

மூன்றாம் நாள், அவன் ரெயில் ஏறுகிற கார்ஜ் ஸ்டேஷன். முதல் ரெயிலுக்கு அப்போதுதான் இரும்புக் கதவைத் தூக்கியிருந்தார்கள். சாந்தன்தான் முதல் ஆள். பாஸை வைத்தான். சிவப்பு. இந்தப் பாஸ் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்று காட்டியது. ஒரே பாஸில் இரண்டு பேர் அடுத்தடுத்துப் போனால் காட்டுமே, அதே எழுத்து. சாந்தன் திரும்பிப் பார்த்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். ஆள் இல்லாத பிளாட்போம். தைல மணம் மட்டும் நின்றது. யூலியன் காலுக்குப் பூசுகிற தைலம், எரிகிற மணம்.

அன்றுதான் ரூ பஜோலில் அந்தச் சத்தம். டக்... சர்ர்ர். சாந்தன் நின்றான், சத்தம் நிற்கவில்லை. அது கிட்ட வந்தது. பக்கத்தால் போனது. குளிர்காற்று ஒரு தோளில் பட்டது, தைலம் மணத்தது. பிறகு சத்தம் அவனுக்கு முன்னால் கேட்டது. வேலைக்குப் பிந்திவிட்டது என்று போகிற ஆள் மாதிரி, அவனைக் கடந்து போய்விட்டது.

அவன் போய்க் கதவைத் திறந்தபோது ஜவெல் மணம். தரை ஈரம். வாளியில் கை வைத்தான், தண்ணீர் சூடு. குப்பைப் பைகள் வரிசையாகக் கதவடியில் இருந்தன, எல்லாம் இரண்டு காதாக முடிந்து.

சாந்தன் ஓடினான் என்று நினைக்கிறீர்களா? இல்லை. இதைத் தவரத்தினத்துக்குச் சொல்லும்போது அவன் தலை நிமிரவில்லையாம். அன்று சாந்தன் படிக்கட்டில் இருந்தான், சுவரில் சாய்ந்தான், நித்திரை கொண்டான். ஏழு மணிக்கு எழும்பிப் பைகளை வெளியில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த நாளும் அப்படித்தான். பயம் இருந்தது, ஆனால் அலுப்பு அதை விடப் பெரிதாக இருந்தது. பகலில் லா ஷப்பலில் கடை வேலை, இரவில் ஒரு அறையில் ஐந்து பேர், நடுவில் ஊர்ப் போன். ஒன்பது வருடத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் நித்திரை அது. ஆறு கிழமை செத்த மனிசன் மேலே வேலை செய்ய, உயிரோடு இருக்கிறவன் கீழே படுத்துக் கிடந்தான்.

அப்படி ஒரு பேய் தனக்கும் வேண்டுமாம், பிரின்ஸ்டன் சொல்கிறான். வாயைக் கழுவு. நொண்டிக் காலோடு ஐந்து மாடி ஏறுகிற ஒரு ஆளை நினைத்துப் பார்த்துவிட்டுச் சொல்.

சாந்தனும் கடைசியில் அதைத்தான் நினைத்தான். மார்ச் முதலாம் தேதி அவனுக்கு நித்திரை வரவில்லை. படிக்கட்டில் இருந்துகொண்டு மேலே கேட்டான். டக்... சர்ர்ர். முதலாம் மாடி. வாளியை உருட்டுகிற சில்லு கிறீச்சிட்டது. இரண்டாம் மாடி. ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு வாங்கல். செத்தவருக்கு என்ன மூச்சு? ஆனால் வாங்கினார். நாலாம் மாடியில் சத்தம் நின்றது. சாந்தன் எழும்பி ஏறினான்.

நாலாம் மாடிக் கதவைத் தள்ளினான். அங்கே ஆள் அசைந்தால்தான் லைட் பற்றும். நடை முழுக்க இருட்டு. இருட்டுக்குள் மொப் போய்ப் போய் வருகிறது. சர்ர்... சர்ர்... அது அசைகிறது. லைட் பற்றவில்லை.

சாந்தன் ஒரு கால் உள்ளே வைத்தான். லைட் பற்றியது.

நீலக் கோட்டு. முதுகில் மஞ்சள் பட்டி. தலை குனிந்தபடி, இடது காலை ஒருக்களித்து வைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டிருந்தார். சாந்தன் மேலிலும் அதே கோட்டு. அவர் திரும்பவில்லை. மொப்பை மட்டும் நிறுத்தினார்.

“கால் உளையுது, தம்பி,” என்றார். “எப்ப என்னை விடுவாய்?”

சாந்தன் என்ன சொன்னான் தெரியுமா? மன்னிப்புக் கேட்கவில்லை. செபம் சொல்லவில்லை.

“இன்னும் ஒன்பது நாள், அண்ணை,” என்றான். “பத்தாம் தேதி மட்டும். பிள்ளைக்காக.”

அவர் தலையை ஆட்டினார். ஓவர்டைம் நிற்கச் சொன்னால் நாங்கள் ஆட்டுவோமே, அப்படி. மொப்பை வாளிக்குள் தோய்த்துப் பிழிந்தார். சாந்தன் படியில் இறங்கி வந்தான், இறங்கிய முழு நேரமும் மேலே சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

எட்டாம் தேதி பின்னேரம் அவனுக்கு மெசேஜ் வந்தது. பிரிபெக்சூர் நாள் தள்ளிப்போட்டிருக்கிறது. ஜூன் இருபத்திமூன்று.

அடுத்த நாள் விடிய ரூ பஜோலில், அந்தக் கட்டடத்துக்கு எதிரே, ஒரு கதவுப் படியில் போனைப் பிடித்தபடி இருந்தான். உள்ளே போகவில்லை. இன்னும் மூன்று மாதத்துக்கு மேல். ஏலாத காரியம் இல்லை. யாருக்கும் தெரியாது. முதலாளிக்கு வேலை நடக்கிறது. இவனுக்கு நித்திரை கிடைக்கிறது. ஜூனில் கார்ட், ஜூலையில் பேசாலை, பிள்ளை. வாயைத் திறந்தால் ஒன்பது வருடச் சம்பளத் துண்டும் செத்தவன் பெயரில் குப்பைக்குப் போகும். அதை அவன் நன்றாக யோசித்தான்.

டக்... சர்ர்ர். அவனுக்கு முன்னால் சத்தம் போனது. வீதியைக் கடந்தது. கட்டட வாசலில் ஒரு படி இருக்கிறது, ஒரே ஒரு படி. அந்தப் படியில் கால் ஏறவில்லை. சறுக்கினது. திரும்ப வைத்தது. மூன்றாம் தரம்தான் ஏறினது.

சாந்தன் எழும்பி லா ஷப்பல் பக்கம் நடந்தான். கார் து நோர் ஸ்டேஷனில் B ரெயில் எடுத்துச் செவ்ரானுக்குப் போனான்.

சிசிலியா தேத்தண்ணி வைத்துக் கொடுத்தா.  கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். அவவே தொடங்கினா.

“நாலு மணிக்கு எழும்புறார்,” என்றா. “கட்டில் கிறீச்சிடும். காலை இழுத்துக்கொண்டு கதவடிக்குப் போவார். நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பன்.”

ஏன் அக்கா எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டான்.

“உன்ரை பிள்ளையை நினைச்சு வாயை மூடினன்.”

சாந்தன் கோப்பையைக் கீழே வைத்தான். “நோட்டீஸை ஒட்டுங்கோ அக்கா,” என்றான். ஜூன் என்பதை அவன் அவவுக்குச் சொல்லவே இல்லை.

வெள்ளிக்கிழமை லா ஷப்பலில் மரக்கறிக் கடை, சேலைக் கடை, போன் கடை எல்லாக் கதவிலும் யூலியன் படம். நானே எங்கள் கடைக் கதவில் ஒன்று ஒட்டினேன், அப்போது எனக்கு இந்தக் கதை தெரியாது. ஞாயிறு பூசையில் சுவாமி பெயரை வாசித்தார். சிசிலியா அப்போதுதான் வாய் விட்டு அழுதா. மூன்று மாதம் அடக்கி வைத்த அழுகை, பாட்டுக்காரர் பாட்டை நிறுத்திவிட்டார்களாம். முதலாளி பூசை முடியமுன்பே சாந்தனுக்குப் போன் எடுத்தார். திங்கள் விடியத் திறப்பைச் சாமான் அறையில் வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போ என்றார். கடிதத்தின் கதையே எடுக்கவில்லை.

திங்கள் கார்ஜில் பாஸ் பச்சை காட்டியது. ரூ பஜோலில் அவன் சப்பாத்துச் சத்தம் மட்டும்தான். வாளி காய்ந்து கிடந்தது. தாளில் அன்றைய பெட்டி வெறுமை. அவன் கையெழுத்து வைக்கவில்லை. கடைசியாக ஒரு தரம் ஐந்து மாடியையும் தன் கையாலேயே துடைத்தான், கேட்க ஆள் இல்லாத வேலை. பிறகு திறப்பை வைத்துவிட்டுப் போனான்.

இப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். பெயர் இல்லாத வேலை. பிள்ளைக்கு உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. போன் எடுப்பதைக் குறைத்துக்கொண்டான். அவள் கேட்டால், வேலை கூடிப்போச்சு என்று றொஷானி சொல்லிச் சமாளித்தா.

இன்னும் கொஞ்சம்தான். கோசலை அக்கா, நீங்கள் சால்வையால் மூடுங்கள், நடுங்குகிறீர்கள்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து ஒரு கிழமை இருக்கும். சாந்தன் குசினியில் நிற்கும்போது றொஷானி அழைத்தா. குரலில் கோபம். யாரை வீட்டுக்கு அனுப்பினீர்கள், அனுப்பினால் ஒரு வார்த்தை எனக்குச் சொல்லக் கூடாதா என்று கேட்டா. ஒருவரையும் அனுப்பவில்லை என்றான். அப்போது றொஷானி நடந்ததைச் சொன்னா.

விடிய, நிலம் தெளிய முதல், பிள்ளை முகம் கழுவக் கிணத்தடிக்குப் போயிருக்கிறாள். வாசல் படலைக்கு வெளியே ஒரு ஆள் நின்றாராம். முகம் இருட்டு. அந்தப் புழுக்கத்தில் குளிர்க் கோட்டு, நீலம். அப்பா வீதியில் நின்று வீடியோவில் கதைக்கும்போது போடுகிற கோட்டு என்று பிள்ளை கண்டுபிடித்துவிட்டாளாம். ஆஸ்பத்திரி நிலம் கழுவின மாதிரி மணத்ததாம். நீங்கள் யார் என்று கேட்டாளாம். சாந்தன் என்றாராம்.

பிள்ளை ஓடிப்போய்த் தேர்ச்சி அறிக்கையையும் பேனையையும் கொண்டு வந்து படலைக்கு மேலால் கொடுத்திருக்கிறாள். உள்ளே வரச் சொல்லிக் கேட்டாளாம். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, காலை இழுத்து இழுத்துக் கடற்கரைப் பக்கம் போய்விட்டாராம்.

சாந்தன் குசினிக் கதவைப் பார்த்தான். அவன் கோட்டு ஆணியில் தொங்கியது.

றொஷானி அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பினா. ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தான். தகப்பன் பெட்டி. சாந்தன் என்று எழுதியிருந்தது. அவனுடைய கையெழுத்தேதான். அவன் மட்டும் போடுகிற அந்தக் கடைசி வளைவும் பிசகாமல் இருந்தது, ஒரு மாதம் இருந்து எழுதிப் பழகின மாதிரி. அதற்குக் கீழே சின்னதாக ஒரு சிலுவை.

அதற்குள் பிள்ளை தாயிடம் போனைப் பறித்துவிட்டாள். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது, ஓடி வந்திருப்பாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து இவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“அப்பா,” என்றாள். “கால் இப்பவும் உளையுதோ?”